கல்லறையில் பேய் தேடியவர்களும் அய்யா வைத்த கண்ணாடியும்

பாழடைந்த கல்லறைத் தோட்டங்களில் மீட்டரும் கேமராவும் வைத்துக்கொண்டு, பேய் உண்டா என்று இராத்திரி முழுவதும் ஆராய்கிறவர்கள் இன்று பல தேசங்களில் இருக்கிறார்கள். அதைக் கைப்பேசியில் பார்த்துப் பயந்து, தனியே படுக்க மறுக்கிற பிள்ளைகள் நம் ஊர்களிலும் உண்டு. ஆகையால், அப்படிப் பேர்போன ஒரு கல்லறைத் தோட்டத்தில் என்ன நடந்தது என்பதைப் பெரியவர்கள் அறிந்து பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

லண்டன் பட்டணத்தின் வடக்கே ஹைகேட் என்ற இடத்தில் 1839ஆம் ஆண்டு ஒரு கல்லறைத் தோட்டம் திறக்கப்பட்டது. காரல் மார்க்ஸ் உட்பட ஏறக்குறைய 1,70,000 பேர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். காலப்போக்கில் அதை நடத்திய கம்பெனி நொடித்துப்போனது. பார்ப்பார் இல்லை. கல்லறைகளைப் பிளந்துகொண்டு மரங்கள் முளைத்தன. கொடிகள் படர்ந்து வழியை மூடின.

1970 பிப்ரவரியில், அந்தத் தோட்டத்து வாசல் அருகே சாம்பல் நிற உருவம் ஒன்றைக் கண்டதாக ஒருவர் உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதினார். உடனே மற்றவர்களும் எழுதினார்கள். ஒருவர் கண்டது தொப்பி வைத்த நெடிய ஆள். இன்னொருவர் கண்டது சைக்கிளில் போகிற உருவம். வேறொருவர் கண்டது வெள்ளை உடுத்த பெண். ஒருவர் கண்டதை மற்றவர் காணவில்லை. அதற்குள் இரத்தம் குடிக்கும் பேய் என்று பேச்சு வளர்ந்துவிட்டது. மார்ச் 13, வெள்ளிக்கிழமை மாலை தொலைக்காட்சியிலும் செய்தி வந்தது. சில மணி நேரத்தில் பெருங்கூட்டம் மதில் ஏறிக் குதித்தது. போலீசாலும் அடக்க முடியவில்லை. பேய் அகப்படவில்லை. ஆனால் அந்த ஆகஸ்டு மாதத்தில், நெடுங்காலம் முன்பு அடக்கமான ஒரு பெண்ணின் உடல் தலையில்லாமல் எரிந்த நிலையில் அங்கே கிடந்தது. மண்ணில் அமைதியாய்க் கிடந்தவளை வெளியே இழுத்துப்போட்டது மனிதக் கை.

அதே தோட்டத்தில் 1867இல் அடக்கமானவர் மைக்கேல் பாரடே. கொல்லன் மகன்; அதிகம் படிக்க வசதியில்லாமல் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியவர்; தெய்வபக்தி மிகுந்தவர். காந்தத்தை அசைத்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்று 1831இல் கண்டுபிடித்தவர் அவரே. பேய் தேடுகிறவர்கள் பலர் கொண்டுபோகிற காந்தப்புல மீட்டருக்கும் அதுவே ஆதாரம். அந்த மீட்டரோ, பக்கத்தில் ஓடுகிற மின்கம்பிக்கும், சட்டைப்பையில் கிடக்கிற கைப்பேசிக்கும்கூட ஆடும். கேமரா வெளிச்சத்தில் தூசி பட்டால் படத்தில் ஒளிவட்டமாகத் தெரியும். பயந்த மனம் இவற்றுக்குப் பேய் என்று பெயர் வைத்துவிடுகிறது.

பாரடே காலத்திலும் ஆவி மோகம் இருந்தது. சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதன்மேல் கை வைப்பார்கள், மேசை நகரும், ஆவி நகர்த்துகிறது என்பார்கள். 1853இல் பாரடே அதைச் சோதித்தார். இரண்டு பலகைகளுக்கு இடையே கண்ணாடி உருளைகளை வைத்து, மேல்பலகை கொஞ்சம் அசைந்தாலும் காட்டுகிற மெல்லிய முள் ஒன்றைப் பொருத்தினார். கைகள் மேல்பலகையைத் தள்ளுவதும், அதன் பிறகே மேசை நகர்வதும் தெரிந்தது. உட்கார்ந்தவர்கள் பொய்யர் அல்லர். தாங்கள் தள்ளுவது அவர்களுக்கே தெரியவில்லை. முள்ளை அவர்கள் கண்முன் வைத்ததும் மேசை நின்றுவிட்டது.

அன்பர்களே, தன் கை செய்வதைத் தானே கண்டவுடன் ஆவி போய்விட்டது! பதியிலும் நிழல்தாங்கலிலும் அய்யா கண்ணாடி வைத்த காரணத்தை இவ்விடத்தில் எண்ணிப் பாருங்கள். தலைப்பாகை கட்டி, திருநாமம் இட்டு அதன் முன்னால் நிற்கிறவன் காண்பது தன்னையே. தனக்குள் இறைவன் இருக்கிறான் என்று அறிந்தவனுக்கு வெளியே எந்தப் பேய் என்ன செய்யும்?

அய்யா வைகுண்டர் 1008ஆம் ஆண்டு மாசி 20இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வந்த காலத்தில், நம் முன்னோர் பேய்க்கு அஞ்சி ஆடும் கோழியும் பலி கொடுத்து வறுமையில் கிடந்தார்கள். அய்யா பேய்களை எரித்த வரலாற்றை அகிலத்திரட்டு சொல்கிறது. பலியும் காணிக்கையும் வேண்டாம் என்று விலக்கி, அந்தப் பயத்தை எடுத்தார். அவர் எடுத்துப்போட்ட பயத்தைத் திரும்பத் தூக்கிக்கொள்ளலாமா? வலிப்பு வந்த பிள்ளைக்குப் பேய் பிடித்தது என்று மந்திரவாதியைத் தேடினால் பணம் போகும். வைத்தியம் பார்க்க வேண்டிய நேரமும் போகும். பக்கத்து வீட்டு விதவை செய்வினை வைத்தாள் என்று பேசினால், ஏற்கெனவே தாழ்ந்து கிடப்பவளை இன்னும் தாழ்த்துகிற அதர்மம் வந்து சேரும். ஹைகேட்டில் மதில் ஏறிக் குதித்த கூட்டத்துக்கும் அப்படிச் செய்கிறவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

அந்தத் தோட்டத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று? 1975இல் அந்தப் பகுதி மக்கள் சிலர் ஒரு சங்கமாகக் கூடினார்கள். தொண்டர்கள் புதர் வெட்டி, கொடி அகற்றி, சாய்ந்த கல்லறைகளைச் சீராக்கினார்கள். இன்று பகலில் ஜனங்கள் பயமில்லாமல் அங்கே போய் வருகிறார்கள்.

அய்யா வழியில் உடலை எரிப்பதில்லை. வடக்கு நோக்கி மண்ணில் அடக்கம் செய்து, தர்மயுகத்துக்காகக் காத்திருக்க வைக்கிறோம். அப்படிக் காத்திருக்கிறவர்கள் கிடக்கும் இடத்தில் முள்ளும் குப்பையும் மண்டவிட்டு, அங்கே பேய் உலவுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்வது முறையாகுமா? வருகிற ஞாயிற்றுக்கிழமை உகப்படிப்பு முடிந்ததும் மண்வெட்டியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் அடக்கத்தலத்துக்குப் போங்கள். பிள்ளைகளையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள். அவர்கள் தாத்தாவும் பாட்டியும் கிடக்கும் இடத்தைக் காட்டி, அவர்களைப் பற்றி நல்ல கதை சொல்லுங்கள். அன்று இரவு பிள்ளை தனியே படுக்கும்.

அய்யா உண்டு!