பிழைக்கு அஞ்சி எழுதாதிருத்தல்



சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்தபின் இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஐயா, நம் மக்களின் வாழ்வை நாவலாக எழுத முப்பது நாள் தவணை வைத்துக்கொண்டேன். ஐம்பதாயிரம் சொல் என்பது கணக்கு. ஆயின் எழுதியதெல்லாம் குறையாகவே தோன்றுகிறது. முதல் அத்தியாயத்தை நான்கு முறை கிழித்துவிட்டேன்" என்றார். 1999-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 21 பேர் கூடித் தொடங்கிய பந்தயத்தின் அளவு அது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,667 சொல். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறோம்.

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் பயின்ற பிரபோத குமார் பந்தோபாத்தியாயர் என்னும் மாணவர், 1928-இல் நண்பர்களோடு பந்தயம் கட்டினார். பெயரறியாதார் கதையைப் பெரிய பத்திரிகைகள் வெளியிடா என்றனர் நண்பர்கள். நல்ல கதையாயின் வெளியிடும் என்று இவர் 'அதசி மாமி' என்னும் கதையை எழுதிக் கொடுத்தார். 'விசித்திரா' பத்திரிகை அதனை வெளியிட்டது. அக்கதைக்குத் தம் இயற்பெயரை இட அவர் கூசினார். பின்னாளில் சிறந்த கதை எழுதும்போது இடலாமென்று அதனை ஒதுக்கி வைத்து, 'மாணிக்' என்னும் செல்லப் பெயரை இட்டார். பத்மா நதிப் படகோட்டிகளைப் பற்றிய அவர் நாவல் 1936-இல் நூலாயிற்று. 1956-இல் தம் 48-ஆம் வயதில் மறையுமுன் முப்பதுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். நிறைவு நாளுக்கென்று காத்து வைத்த பெயர் காத்தபடியே இருந்தது. கூச்சத்தோடு புறப்பட்ட பெயரே வங்கநாடெங்கும் வாழ்கிறது.

சோணர் என்னும் பிக்கு, பாதம் புண்பட்டு இரத்தம் கசியுமட்டும் நடந்து தியானித்தும் பயன் காணாது மனம் சோர்ந்தார். அவர் இல்லறத்தில் வீணை வாசித்தவர். நரம்பு மிக முறுகினும் மிகத் தளரினும் இசை பிறவாதென்பதை அவர் வாயாலேயே சொல்லச் செய்து, முயற்சியும் அவ்வாறே என்று பகவான் உணர்த்தினார்.

ஆலையில் பல்லாண்டு தறி ஓட்டிய நமக்கு இது நன்கு விளங்கும். பாவு மிக இறுகினால் இழை அறும். அறுந்தால் முடிச்சிட்டுத் தறியை ஓட்டுவோமேயன்றிப் பாவு முழுவதையும் அறுத்தெறிவோமா? பிழை பார்க்கும் மேசைக்கு நெய்த துணி போகுமேயன்றி, நெய்யாத நூல் போவதில்லை.

நாமும் இக்குற்றத்திற்கு விலக்கல்லோம். வேலை விட்ட மாலைகளில் நமக்குத் தம்மம் போதித்த பெரியவர் ஒருவரின் மொழிகளை எழுதி வைக்க நோட்டு வாங்கினோம். எழுத்து அழகாயில்லையென்று முதற் பக்கத்தையே பதினொரு முறை எழுதினோம். அதற்குள் அவர் மறைந்தார். அந்நோட்டில் இன்றும் அம்முதற் பக்கம் மட்டுமே உண்டு.

குறையின்றி எழுதவேண்டும் என்னும் ஆசையை நன்மை என்று எண்ணாதீர்கள். என்னைப் பிறர் குறை கூறலாகாது என்னும் 'நான்' அதனுள் ஒளிந்திருக்கிறது. எழுதும் பொருளை நினைப்பவன் எழுதுவான். தன்னை நினைப்பவன் கிழிப்பான்.

ஆதலின் அன்பரே, நாளும் ஒரு நாழிகை குறித்து அமருங்கள். நேற்றைய பக்கத்தைத் திருத்தாதீர்கள். இன்றைய பக்கத்தை எழுதுங்கள். முப்பதாம் நாள் கழிந்தபின் திருத்தலாம். சொல்ல வேண்டிய முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் நம் எழுத்து அழகாகும்வரை காத்திரார்.

சாது! சாது! சாது!