இரண்டாவது பார்வை

 

கிட்டங்கியில் அரிசி மூட்டை வந்து இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? மூட்டைக்குள் குழாயைச் செலுத்தி ஒரு பிடி அரிசியை உருவியெடுத்து, உள்ளங்கையில் பரப்பி, கல் உண்டா, வண்டு உண்டா என்று பார்த்த பிறகே சீட்டில் கையெழுத்திடுகிறோம். மிளகாய் நமுத்திருந்தால் வந்த லாரியிலேயே திருப்பியனுப்புகிறோம். கடைச் சரக்கில் இத்தனை கண்ணுங்கருத்துமாயிருக்கும் நாம், ஃபஜ்ருக்கு எழுந்ததும் எழாததுமாய்க் கைப்பேசியைத் திறந்து, அது கொட்டுகிற யாவற்றையும் கல்பு என்னும் கிட்டங்கியில் இறக்கிக்கொள்கிறோமே, இது எந்த ஊர் வியாபாரம்?

பிறரைக் குறை கூறுவதற்காக இதை எழுத முன்வரவில்லை. நமக்கு நேர்ந்ததையே சொல்லுகிறோம். ஓரிரவு கடையடைத்து வீடு திரும்பி, படுக்கையில் சாய்ந்தபடி கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருந்தோம். நமக்கு அடுத்த தெருவிலுள்ள நாசி கண்டார் கடையில் ஹலாலல்லாத இறைச்சி பிடிபட்டதாக ஒரு படம் ஓடிற்று. பதறிப்போய் மீண்டும் ஒருமுறை பார்த்தோம். "சமுதாயத்திற்கு எச்சரிக்கை" என்று இரண்டு சொல்லையும் சேர்த்து மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பிவிட்டு, நன்மை செய்த நிறைவோடு தூங்கியும் விட்டோம். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அது வேறு ஊரில் எப்போதோ எடுத்த பழைய படமென்று. அதற்குள் அந்தக் கடையின் பகல் கூட்டம் பாதியாகியிருந்தது. அக்கடைக்காரர் ஜும்ஆவில் நமக்குப் பக்கத்தில் நின்று தொழுகிறவர்.

தீயவன் ஒரு செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள், இல்லையேல் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரிடும் என்ற கருத்தைத் திருமறையின் 49-ஆவது அத்தியாயத்தில் எத்தனை முறை ஓதியிருக்கிறோம்! கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதும் என்னும் பொருள்பட நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததையும் அறியாதவர்களல்லர் நாம். அறிந்திருந்தும் விரல் முந்திக்கொண்டது.

பிறகு உட்கார்ந்து யோசித்தோம். உலகத்தில் ஓடும் கோடிப் படங்களில் இந்தப் படம் ஏன் நம்மைத் தேடி வந்தது? கேட்டால் வெட்கமாயிருக்கும். அதற்கு முன் பல மாதங்களாக, இன்ன கடையில் சண்டை, இன்ன ஆலிம் இன்னாரைச் சாடினார் என்ற படங்களையே நாம் நின்று நிதானித்துப் பார்த்து வந்திருக்கிறோம். எதை நாம் கடைசிவரை பார்க்கிறோம் என்பதைப் பெரிய அடையாளமாகக் கொண்டே அடுத்த படத்தைப் பொறுக்குவதாக டிக்டாக் நிறுவனமே 2020-ல் விளக்கிச் சொல்லியிருக்கிறது. வாய் திறந்து கேட்காமலேயே, வாடிக்கையாளர் எந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தார் என்று கவனித்து அதையே எடுத்து விரிக்கும் கெட்டிக்கார விற்பனையாள் போன்றது அந்த எந்திரம்.

முதல் பார்வையை மறு பார்வை தொடரவேண்டாம். முதலாவது மன்னிக்கப்பட்டது, இரண்டாவதற்கு உரிமையில்லை என்று அலீ (ரலி) அவர்களுக்கு நபிகளார் புத்தி கூறியது அந்நியப் பெண்ணைப் பார்ப்பது பற்றியதே. எனினும் இக்காலத்துக் கைப்பேசிக்கும் அது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்! முதல் பார்வை தானாக வந்து விழுகிறது. எந்திரம் கணக்கெழுதுவது இரண்டாவது பார்வையை. ஆபாசப் படத்தின் கீழே "அஸ்தஃபிருல்லாஹ்" என்று எழுதிவிட்டு வரும் பெரியவர்களும் நம்மிடையே உண்டு. எந்திரத்திற்கு இஸ்திஃபார் புரியாது. ஐயா இங்கே நின்றார், எழுதினார், இன்னும் நாலு கொடு என்பதுதான் அதன் கணக்கு.

செய்யக்கூடியது அதிகமில்லை. டிக்டாக்கில் வேண்டாத படத்தை விரலால் சற்று அழுத்திப் பிடித்தால் "நாட் இன்ட்ரஸ்டட்" என்று வரும். இன்ன சொல் உள்ள படம் வேண்டாமென்று தடுக்கும் வசதியும் 2022 முதல் உண்டு. முகநூலில் நட்பை முறிக்காமலேயே ஒருவரை "அன்ஃபாலோ" செய்யலாம். ஸலாம் உண்டு, ஆனால் அவர் திண்ணையில் போய் உட்காருவதில்லை என்பது போல. யூடியூபில் பார்வை வரலாற்றை அழித்து நிறுத்திவிட்டால், 2023 ஆகஸ்டு முதல் முகப்பில் பரிந்துரையே வராமல் வெறுமையாகிவிடுகிறது. வாட்ஸ்அப்பிலோ எந்திரம் பொறுக்குவதில்லை, மனிதர்களே கொட்டுகிறார்கள். 2022 முதல் குழுவிலிருந்து ஓசையின்றி விலகவும் வழியிருக்கிறது.

ஆனால் பொத்தானை மட்டும் நம்பியிருக்க முடியாது. 2022-ல் மொஸில்லா நிறுவனம் 20,000-க்கு மேற்பட்ட யூடியூப் பயனாளர்களைக் கொண்டு ஆராய்ந்ததில், "நாட் இன்ட்ரஸ்டட்" பொத்தான் வேண்டாத பரிந்துரைகளில் 11 விழுக்காட்டைத்தான் தடுத்தது. அந்தச் சேனலே வேண்டாமென்ற பொத்தான்கூட 43 விழுக்காட்டோடு நின்றுவிட்டது. மிச்சத்தைத் தடுக்கும் பொத்தான் நம் இமைதான்.

கல்பைக் குளத்திற்கும், ஐம்புலன்களை அதில் வந்து விழும் ஓடைகளுக்கும் உவமித்தார் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). ஓடைகளை அடைத்துவிட்டு அடியைத் தோண்டினால் தெளிந்த நீர் ஊறும் என்பது அவர் காட்டிய வழி. அவர் காலத்தில் ஓடைக்கு ஐந்து வாய்தான். இன்று உள்ளங்கையில் ஆறாவது மதகைத் திறந்துவைத்திருக்கிறோம்.

இதில் வேறொரு தவறும் நேரக்கூடும். வடிகட்டுகிறோம் என்று சொல்லி, நம் குற்றத்தை எடுத்துக்காட்டும் சகோதரரையும், பசியால் வாடும் மக்களின் செய்தியையும் அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவை மனத்தை உறுத்துகின்றனவாம்! உறுத்துவதெல்லாம் குப்பையல்ல. கல்லைப் பொறுக்குகையில் அரிசியையும் சேர்த்து எறிகிற ஆளை எந்த முதலாளி வேலைக்கு வைத்துக்கொள்வார்?

அந்தக் கடைக்காரரிடம் நாம் போனோம். போகுமுன், அனுப்பிய மூன்று குழுக்களிலும் "அச்செய்தி பொய், அனுப்பியது நம் பிழை" என்று எழுதினோம். ஒரு குழுவில் இரண்டே பேர்தான் அதைப் பார்த்தார்கள். பொய்யை எழுபது பேர் பார்த்திருந்தார்கள். அஸர் முடிந்து கூட்டமில்லாத நேரத்தில் கடைக்குள் நுழைந்து, தலைகுனிந்து விஷயத்தைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்கதானா நானா அது?" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "நானாவுக்கு ஒரு தே தாரிக் போடு" என்று பையனிடம் சொன்னார். அந்தத் தேநீர் நம் தொண்டையில் இறங்க வெகுநேரமாயிற்று.