விதைநெல் தெரிந்த கைக்கு வேறென்ன தெரியாது?

"பட்ஜெட் எவ்வளவு தம்பி?"

கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தஞ்சாவூரில் கேட்டாலும் இதுதான், கும்பகோணத்தில் கேட்டாலும் இதுதான், ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்கே போனாலும் இதுதான். நீ தயங்கித் தயங்கி ஒரு தொகையைச் சொல்கிறாய். அத்தோடு உன் வேலை முடிந்தது. எந்த பிராசசர், எந்த ராம், எந்த கிராபிக்ஸ் கார்டு என்பதையெல்லாம் அவரே முடிவு செய்கிறார். நீ தலையாட்டுகிறாய். கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழு வண்ணத்தில் விளக்கு எரிகிறது. "சூப்பர் கேமிங் பிசி தம்பி!" பணத்தை எண்ணி வைத்துவிட்டு வருகிறாய்.

உன்னைத்தான் கேட்கிறேன், நிமிர்ந்து பதில் சொல். ஒரு போகத்து நெல் விற்ற காசு அது. அதை எதற்கு எவ்வளவு என்றே தெரியாமல் கொட்டிவிட்டு வரலாமா?

"அதெல்லாம் நமக்கு எங்க சார் தெரியும்?" என்கிறாய். இந்த ஒரு வரிதான் உன்னை அடித்து உட்கார வைத்திருக்கிறது. உன் வறுமை இல்லை, உன் ஊர் இல்லை, உன் ஆங்கிலமும் இல்லை. இந்த ஒரு வரி! இதை இன்றே வாய்க்காலில் விட்டெறி. ஏனென்றால் அது பொய். உனக்குத் தெரியும்.

அப்பா கேட்கிற கேள்வி

உன் அப்பா விதைநெல் வாங்கப் போகும்போது கூடப் போயிருக்கிறாயா? "இருக்கிறதுலயே உசந்த நெல்லாக் குடுங்க" என்று அவர் ஒருநாளாவது கேட்டிருப்பாரா? குறுவைக்கா, சம்பாவுக்கா, தாளடிக்கா என்பதில்தான் பேச்சே தொடங்கும். குறுவை என்றால் ஏடிடி 43 மாதிரி 110 நாளில் அறுப்புக்கு வருகிற ரகம். நீண்ட சம்பா என்றால் 155 நாள் நின்று விளைகிற சி.ஆர். 1009. மழைத் தண்ணீர் வடியாத பள்ளமான வயலா? அப்படியானால் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் மறுபடி தழைக்கிற சி.ஆர். 1009 சப் 1. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-லிருந்து இருக்கிறது. அங்கே விஞ்ஞானிகள் ரகங்களை உருவாக்கினார்கள். எது தன் வயலுக்கு என்று முடிவு செய்தது யார்? பள்ளிக்கூடம் முடிக்காத உன் தாத்தா!

அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "என் நிலத்துக்கு எது?"

அதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு போ. எந்த ஆட்டம் ஆடப்போகிறாய்? எந்த அளவுத் திரையில்? அதுதான் உன் வயல். அதை அளக்காமல் விதை வாங்காதே.

வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் போன்றவைதான் உன் ஆட்டம் என்றால் அது குறுவை. 2021-ல் வந்த ரைசன் 5 5600ஜி மாதிரி ஒரு பிராசசர் போதும். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். படம் காட்டும் கிராபிக்ஸும் அதற்குள்ளேயே இருப்பதால் தனியாக கார்டு வேண்டாம். 1080பி திரையில் வாலரண்ட் சுகமாக ஓடும். பெரிய கதை ஆட்டங்கள், புதிது புதிதாக வருகிற கனமான ஆட்டங்கள்தான் வேண்டும் என்றால் அது சம்பா. அதற்குத் தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயம். கோர் ஐ3 12100எஃப் அல்லது ஐ5 12400எஃப் பிராசசரோடு 8 ஜி.பி. கொண்ட ஆர்எக்ஸ் 6600 போல ஒரு கார்டு சேர்ந்தால் 1080பி திரைக்கு நல்ல ஜோடி. அந்த 'எஃப்' என்ற ஒற்றை எழுத்தைக் கவனித்தாயா? உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்பதற்கு அடையாளம் அது. கார்டு இல்லாமல் அதை வாங்கினால் திரையில் ஒன்றும் தெரியாது. ஓர் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவன் தப்பித்தான்!

மதகு சிறுத்தால் ஆறு பெருத்து என்ன பயன்?

வெண்ணாறு நிறையத் தண்ணீர் போகிறது, உன் வயல் மதகு ஒரு சாண். வயலுக்கு வருவது ஒரு சாண் தண்ணீர்தானே? கணினியிலும் இதே கணக்கு. ஒரு பாகத்தில் பணத்தைக் கொட்டி இன்னொன்றில் கிள்ளினால், கிள்ளிய இடத்தில் எல்லாம் நின்றுவிடும்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். முதல் கணினி வாங்கியபோது நானும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன். கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிற பிராசசர் அது. கடையில் 16 ஜி.பி. ராமை ஒரே துண்டாகப் போட்டுக் கொடுத்தார்கள். ஆட்டம் திக்கித் திக்கி ஓடியது. விதியென்று கிடந்தேன். ஒரு வருடம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த வகை பிராசசர் ராமையே தன் கிராபிக்ஸ் நினைவகமாக எடுத்துக்கொள்கிறது. டிடிஆர்4 3200 ராம் ஒரு துண்டு போட்டால் நொடிக்கு 25.6 ஜி.பி. போக்குவரத்து. அதே 16 ஜி.பி.யை 8, 8 என இரண்டு துண்டாக, சரியான இரண்டு துளைகளில் போட்டால் 51.2 ஜி.பி. ஒரு மதகுக்கு இரண்டு மதகு! பிறகு தனி கார்டு வாங்கினேன், அங்கேயும் ஒரு முட்டாள்தனம். மானிட்டர் வயரைக் கார்டில் செருகாமல் மதர்போர்டிலேயே விட்டுவைத்தேன். காசு கொடுத்து வாங்கிய கார்டு பல வாரம் சும்மா உட்கார்ந்திருந்தது.

அவமானமாக இருந்தது. ஆனால் அந்த இரண்டு தவறும்தான் எனக்கு வாத்தியார். தவறு செய்யப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவனுக்கு எந்த வாத்தியாரும் கிடைக்க மாட்டார்.

சேமிப்புக்குப் பழைய ஹார்டு டிஸ்க்கை மட்டும் நம்பாதே. சாட்டா எஸ்.எஸ்.டி. நொடிக்கு 550 எம்.பி. வரை படிக்கும், என்விஎம்இ எஸ்.எஸ்.டி.யில் 3,500 எம்.பி. வரை படிக்கிறவை சாதாரணம். விளக்கு எரிகிற கேபினெட்டில் போகும் பணத்தை இதில் போடு. 2025 கடைசியிலிருந்து, ஏஐ மையங்கள் அள்ளிக்கொண்டு போவதால் ராம் விலை ஏறிக் கிடக்கிறது. அதனால் நாலு கடை ஏறி இறங்கு. நெல்லுக்கு நாலு வியாபாரியிடம் விலை கேட்கிறவன்தானே நீ?

உன் பெட்டிக்குள் ஒரு கல்லணை

கல்லணையில் நின்று பார்த்திருக்கிறாயா? வருகிற தண்ணீரைக் காவிரிக்கு இவ்வளவு, வெண்ணாற்றுக்கு இவ்வளவு, புது ஆற்றுக்கு இவ்வளவு என்று பங்கிட்டு, வெள்ளம் வந்தால் கொள்ளிடத்தில் தள்ளிவிட்டு ஊரைக் காக்கிறது. உன் கணினியில் மின்சாரத்துக்கு அந்த வேலையைச் செய்வது எஸ்.எம்.பி.எஸ்.! அதற்குத்தான் நம் பிள்ளைகள் கேபினெட்டோடு இலவசமாக வருவதை வாங்கி வைக்கிறார்கள். அணை உடைந்தால் வயல் என்ன ஆகும்?

80 பிளஸ் முத்திரை இருக்கிறதா என்று பார். சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் பாகங்களுக்குக் கொடுக்கிறது என்பதற்கான சான்று அது. ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட் கேட்கும், நல்ல நிறுவனத்தின் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். தாராளமாகத் தாங்கும். கையில் இப்போது காசு குறைவா? இந்த அறுப்பில் 5600ஜி கணினியைக் கட்டு, அடுத்த அறுப்பில் கார்டு வாங்கு. ஆனால் நாளை வரப்போகும் கார்டையும் தாங்குகிற எஸ்.எம்.பி.எஸ்.ஸை இன்றே வாங்கிவிடு. இரண்டு போகத்தில் கட்டுவதில் கேவலம் ஒன்றுமில்லை தம்பி. வட்டிக்கு வாங்கி ஒரே நாளில் கட்டுவதுதான் கேவலம்.

நம் ஊர் மின்சாரத்தையும் கணக்கில் எடு. மழைக்காலத்து மின்வெட்டும், பம்பு செட்டுகள் ஓடும் நேரத்து வோல்டேஜும் உனக்குத் தெரியாததா? 600 வி.ஏ. என்று எழுதிய யு.பி.எஸ். உண்மையில் தருவது சுமார் 360 வாட்தான். கார்டு போட்ட கணினிக்கு 1,000 வி.ஏ. பார். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று பிடிக்கிறதா? வீட்டு எர்த் சரியில்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைச் சரி செய், அப்புறம் ஆடு. அறுப்புக் காலத்துத் தூசும், சூடு தேடி நுழையும் பல்லியும் இங்கே உண்டு. பெட்டியைத் தரையில் வைக்காதே, திறந்த துளைகளை வலையால் மூடு. பெருநகரத்துப் பையன் யோசிக்க வேண்டாத இத்தனையையும் நீ யோசிக்கிறாய். அப்படியானால் அவனைவிட நீ பலசாலி!

கல்லணை சொல்லிக் கொடுத்த பாடம்

"சிப்பெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்" என்று நினைக்கிறாயா? ஒரு கதை கேள்.

ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் காவிரிக் கரைக்கு வந்தார். அடி ஆழம் காண முடியாத மணலில் அணைக்கு அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம் என்று அவரே பதிவு செய்திருக்கிறார். அந்தப் பாடத்தோடு 1836-ல் முக்கொம்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். பிறகு கோதாவரிக்குப் போய் 1847 முதல் 1852 வரை தவளேஸ்வரத்தில் அணை கட்டினார். கோதாவரி டெல்டா நெல்லாகச் செழித்தது. அந்த ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிற ஊர் கொவ்வூர். அங்கே பிறந்தவர் ராஜா கோடூரி.

யார் அவர்? ஏஎம்டி நிறுவனத்தின் ரேடியான் கிராபிக்ஸ் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். 2016-ல் 199 டாலர் என்ற தொடக்க விலையில் ஆர்எக்ஸ் 480 கார்டு வந்தது அவர் காலத்தில்தான். பிறகு இன்டெலுக்குப் போனார். 2022-ல் வந்த ஆர்க் கார்டுகளுக்குப் பின்னால் இருந்தவரும் அவர்தான். எளியவன் வாங்கக்கூடிய விலையில் கிராபிக்ஸ் கார்டு கொண்டுவந்தவர் ஒரு நெல் டெல்டாவில் பிறந்தவர். அந்த டெல்டாவின் அணைக்குப் பாடம் சொன்னது உன் ஊர்க் கல்லணை! சேற்றுக்கும் சிப்புக்கும் தூரம் அதிகம் என்று இனி எவன் சொன்னாலும் இந்தக் கதையைச் சொல்.

தடை சொல்லும் குரல்கள்

"செகண்ட்ஹேண்டு வாங்கினால் ஏமாந்துவிடுவேன்." ஏமாறாமல் வாங்கக் கற்றுக்கொள்! 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கார்டுகளால் தோண்டும் முறை நின்றதும், அதற்காக ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் பழைய சந்தைக்கு வந்து குவிந்தன. அவற்றில் தேறியதும் உண்டு, தேய்ந்ததும் உண்டு. அரை மணி நேரம் கனமான ஆட்டத்தை ஓட்டிக் காட்டச் சொல். விசிறிச் சத்தத்தைக் கேள், சூட்டைப் பார். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் உன் தாத்தா சந்தையில் காசு கொடுத்தாரா? எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் பழையது வாங்காதே. புதுச் சாமான் எதுவானாலும் ஜிஎஸ்டி பில், சீரியல் எண், உத்தரவாதக் காலம் மூன்றையும் கேட்டு வாங்கு.

"அப்பா திட்டுவார்." திட்டட்டும், அவர் பயம் நியாயமானது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களில் எத்தனை வீடுகள் போயின! அவற்றைத்தான் மத்திய அரசு 2025-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரிக்கவும் செய்கிறது. இந்த வித்தியாசத்தை அவர் எதிரில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல். இதே கணினியில் பிளெண்டரில் உருவம் செய்யலாம், கோடோட்டில் நீயே ஓர் ஆட்டம் உருவாக்கலாம் என்பதையும் காட்டு. சொல்வதோடு நில்லாமல் செய்தும் காட்டு!

"நானே மாட்டினால் உடைந்துவிட்டால்?" தங்கையே, தம்பியே, ஒரு ஸ்குரூடிரைவரும் ஒரு மாலை நேரமும் போதும். கையேட்டைப் படி. பிராசசரின் மூலையில் இருக்கும் முக்கோணத்தை மதர்போர்டின் முக்கோணத்தோடு பொருத்து. சரியாக வைத்தால் தானாக அமரும், அழுத்தாதே. நாற்று நடுகிற விரலுக்கு எவ்வளவு அழுத்த வேண்டும் என்று தெரியும்.

இன்று இரவே ஒரு நோட்டை எடு. மேலே உன் ஆட்டத்தின் பெயரை எழுது. கீழே எட்டு வரி: பிராசசர், மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., கார்டு, எஸ்.எம்.பி.எஸ்., மானிட்டர், யு.பி.எஸ். ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை மட்டும் எழுதினால் போதாது. "இது ஏன்?" என்று ஒரு வரி எழுது. எழுத முடியாத இடத்தில் படி. எட்டு 'ஏன்'களுக்கும் பதில் நிறைந்த அன்று கடைக்குப் போ.

அவர் அதே கேள்வியைத்தான் கேட்பார்: "பட்ஜெட் எவ்வளவு தம்பி?"

நீ நோட்டைப் பிரித்து மேசைமேல் வை.

"அது இருக்கட்டும் அண்ணே. இந்த எஸ்.எம்.பி.எஸ்.ல 80 பிளஸ் முத்திரை எங்க இருக்கு, காட்டுங்க."