படுத்திருப்பவர் பக்கம்

2002 ஜூலையில், ஜம்மு எல்லையை ஒட்டிய சாம்பா ராணுவ மருத்துவமனையில் விமானப்படை வீரர் ஒருவருக்கு ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். ஆபரேஷன் பராக்ரம் நடந்துகொண்டிருந்த காலம் அது. எல்லை நெடுகப் படை குவிந்திருந்தது. 2014இல் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அன்று ஏற்றிய ரத்தம்தான் காரணம் என்று படையின் மருத்துவக் குழுவே எழுதியது. அப்படியிருந்தும் இழப்பீட்டுக்காக அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2023 செப்டம்பரில்தான், ராணுவமும் விமானப்படையும் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

அந்த மருத்துவமனையில் உரிமம் பெற்ற ரத்த வங்கி இல்லை. எல்லைப் பகுதியில் அதற்குச் சட்டம் விலக்கு தருகிறது. உயிர் போகும் அவசரத்தில் படை மருத்துவமனைகள் உரிமமின்றியே ரத்தம் எடுத்து ஏற்றலாம். ஆனால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, மலேரியா ஆகிய சோதனைகளைச் செய்தே ஆக வேண்டும். கைக்கு எட்டிய இடத்தில் ரத்தம் இல்லாதபோது யாரிடம் எடுக்கலாம், யாரைத் திருப்பி அனுப்பலாம் என்பதை நின்று நிதானித்துப் பேச வேண்டியிருக்கிறது.

முன்னணியில் ரத்தம் தருபவர் பெரும்பாலும் பக்கத்துக் கூடாரத்தில் இருப்பவர்தான். நோய் உள்ள இடங்களுக்கெல்லாம் அனுப்பப்படுபவரும் அவரேதான். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, மலேரியா குணமாகி மூன்று மாதமும் டெங்கு குணமாகி ஆறு மாதமும் ஆகாதவர் ரத்தம் தரக்கூடாது. வடகிழக்குக் காட்டில் மழைக்காலத்தைக் கழித்த ஒரு படைப்பிரிவில் இந்தக் கணக்குப்படி எத்தனை பேர் தேறுவார்கள்? வளைகுடாப் போருக்குப் பிறகு அமெரிக்கப் படை இந்தச் சிக்கலைப் பெரிய அளவில் சந்தித்தது. மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியா தொற்று சில வீரர்களிடம் தெரியவந்ததும், 1991 நவம்பரில், அந்தப் பகுதிக்குப் போய்வந்த எல்லோரும் ரத்தம் தரத் தடை வந்தது. ஓராண்டுக்கு மேல் அது நீடித்தது. பிறகு, பித்துப் பிடித்த மாட்டு நோய் ரத்தத்தின் வழியே பரவுமோ என்ற அச்சம். 1980 முதல் 90களின் நடுப்பகுதி வரை ஐரோப்பிய முகாம்களில் ஆறு மாதம் தங்கியிருந்த வீரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் விலக்கப்பட்டார்கள். 2020இல்தான் அது தளர்ந்தது. அந்த அச்சம் கற்பனையும் அல்ல. பிரிட்டனில் ரத்தத்தின் வழியே அந்தத் தொற்று நால்வருக்குச் சென்றது பதிவாகியிருக்கிறது.

எல்லைக்குப் போகாமலே இந்தச் சிக்கலைப் பார்க்கலாம். மதுரைச் சமவெளியின் காய்ச்சலுக்கு அஞ்சி அமெரிக்க மிஷனரிகள் 1845இல் வீடு கட்டிக் குடியேறிய ஊர் கொடைக்கானல். அதன் மலைக்கிராமங்களான பூம்பாறையிலோ மன்னவனூரிலோ பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றால், கொண்டைஊசி வளைவுகளைத் தாண்டி பெரிய மருத்துவமனை போய்ச் சேரும்வரை அவர் தாங்க வேண்டும். டெங்கு பரவும் ஊருக்குப் போய்வந்தவர் நான்கு வாரம் ரத்தம் தரக்கூடாது என்று அதே நெறிகள் சொல்கின்றன. வேலைக்கும் சந்தைக்கும் வாரந்தோறும் வத்தலக்குண்டுக்கு இறங்கி ஏறும் மலைக்காரரிடம் இதை எழுத்துக்கு எழுத்து பொருத்தினால், மலையில் யாரும் மிஞ்சமாட்டார்கள்.

அதற்காக, நள்ளிரவில் கட்டிலுக்கு அருகில் நின்றுகொண்டு விதியைத் தளர்த்துவது அறமாகாது. படுத்திருப்பவர் எதையும் கேட்க முடியாத நிலையில் இருக்கிறார். இது யார் ரத்தம், என்ன சோதித்தீர்கள் என்று சாம்பாவில் இருந்த வீரர் எப்படிக் கேட்டிருப்பார்? ஆபத்தைச் சொல்லி அவருடைய சம்மதம் பெறப்படவில்லை என்பதை நீதிமன்றமும் குறையாகவே எடுத்துக்கொண்டது. அவருக்காக எடைபோட வேண்டியவர்கள், அவகாசம் இருக்கும் காலத்திலேயே அதைச் செய்து முடித்திருக்க வேண்டும். யார் யாரிடம் எடுக்கலாம் என்ற பட்டியல், குறித்த இடைவெளியில் மறுசோதனை, கீழிருந்து முன்கூட்டியே ஏற்றி வைக்கும் இருப்பு, அதைக் காக்கும் குளிர்பெட்டி. இவற்றுக்குச் செலவழிக்காமல் கொடையாளர் தடையை மட்டும் எழுதி வைக்கும் நிர்வாகம், தன் பொறுப்பைக் காயம்பட்டவரின் தலையில் ஏற்றுகிறது. சாம்பாவில் நடந்ததும் இதுதான் என்று கருத இடமிருக்கிறது.

திருப்பி அனுப்பப்படுபவருக்கும் ஒரு நியாயம் உண்டு. திருநங்கைகளையும் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களையும் பாலியல் தொழிலாளர்களையும் 2017 நெறிகள் நிரந்தரமாக விலக்குகின்றன. 2021இல் உச்ச நீதிமன்றத்தில் இது எதிர்க்கப்பட்டது. பிரிட்டன் 2021இலும் அமெரிக்கா 2023இலும், ஒவ்வொருவரிடமும் அவருடைய அண்மைக்கால நடத்தையைக் கேட்டு முடிவெடுக்கும் முறைக்கு மாறிவிட்டன. அதுவே சரி. ஒரு பிரிவினர் மொத்தத்தையும் விலக்கினால், அதைச் சேர்ந்தவர் தன்னை மறைத்துக்கொள்வார். படை முகாமில் இது இன்னும் கடுமை. வரிசையில் நிற்கச் சொல்லி மேலதிகாரி உத்தரவிட்டபின், எல்லோர் கண்முன்னும் ஒருவர் எப்படி விலகி நிற்பார்? ரத்தம் கொடுத்த பிறகாவது, “என்னுடையதைப் பயன்படுத்த வேண்டாம்” என்று ரகசியமாகச் சொல்ல அவருக்கு ஒரு வழி வேண்டும். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த சிறிய மலையூரிலும் அதே வழி வேண்டும்.

விலக்கினால் மட்டும் போதாது, விலக்கப்பட்டவரிடம் காரணத்தைச் சொல்லவும் வேண்டும். 2018 டிசம்பரில் சாத்தூரில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. கலந்த ரத்தம் ஏற்றப்பட்டது தெரிந்து தமிழ்நாடே பதறியது. அதை வெளிக்கொண்டுவந்தவர் ரத்தம் தந்த இளைஞர்தான். வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில் தொற்று தெரிந்ததும் அவரே போய்ச் சொன்னார். 2016இல் தந்த ரத்தத்திலேயே அது தெரிந்திருந்தும், தகவல் அவரை எட்டவில்லை என்று பிறகு வெளியானது. 2018 டிசம்பரிலேயே அவர் நஞ்சருந்தி இறந்தார். கொடையாளர்களை வடிகட்டும் ஏற்பாடு அவரை 2016இலேயே கண்டுபிடித்திருந்தது. அவரை அழைத்து உட்காரவைத்து, முடிவைச் சொல்லி, எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்பியிருந்தால், 2018இல் அவர் மறுபடி ரத்தம் தர வந்திருக்கமாட்டார். அவரும் உயிரோடு இருந்திருக்கலாம்.