திரை சொன்னால் அறிவாகுமா?

ஓய்வுபெற்று நான்கு வருஷம் ஆகியும் கல்லூரியிலிருந்து என்னைக் கூப்பிடுவது நிற்கவில்லை. போன மாதம் துறைத்தலைவி பேசினார். என்னிடம் படித்தவர். கணித ஆய்வகத்துக்குச் சமன்பாடு தீர்க்கும் மென்பொருள் வாங்க வேண்டுமாம். மேத்தமேட்டிக்காவுக்கும் மேப்பிளுக்கும் விலை கேட்டிருக்கிறார்கள். மேக்ஸிமா, சிம்பை இரண்டும் காசில்லாமல் கிடைக்கின்றன. "எதை நம்பலாம், ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றார்.

'நம்பலாம்' என்றதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. ஞாயிறுதோறும் சிவன் கோயில் மண்டபத்தில் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலின் பாடம் கேட்கப் போவார். அந்த நூல் எடுத்த எடுப்பில் அளவையைப் பேசுகிறது. ஒன்றை அறிந்தேன் என்று எதைக்கொண்டு சொல்கிறாய் என்ற கேள்வி அது. அறியும் வழிகள் ஆறு என்பார், பத்து என்பார் உண்டு. எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார் அருணந்தி சிவாச்சாரியார். கண்ணால் காண்பது காண்டல். புகையை வைத்து நெருப்பை உணர்வது கருதல். நம்பத்தக்கவர் சொல்லி அறிவது உரை.

மென்பொருள் தரும் விடை இவற்றில் எது? திரையில் தெரிவதால் பிள்ளைகள் அதைக் காண்டல் என்று நினைத்துவிடுகிறார்கள். கண் காண்பது எழுத்தை மட்டும்தான். விடை சரி என்பதை யாரோ சொல்லி நாம் ஏற்கிறோம். ஆகவே அது உரை. உரை என்றால், சொன்னவர் யார் என்று கேட்டே தீர வேண்டும்.

அன்றிரவு ஒரு சமன்பாட்டைக் கொடுத்துப் பார்த்தேன். ஓர் எண்ணின் ஐந்தாம் அடுக்கு, அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் வருவதற்குச் சமம், எண் எது? வர்க்கமூலம், கனமூலம் என்று மூலக்குறிகளால் இதன் விடையை எழுதவே முடியாது. 1.1673 என்று தசமத்தில் வந்தது. பென்சிலை எடுத்துப் பெருக்கினேன். ஐந்தாம் அடுக்கு 2.16727, ஒன்றைக் கூட்டினால் 2.1673. ஐந்தாம் தசமத்தில்தான் வேறுபாடு. உரையாக வந்தது என் கையில் காண்டல் ஆயிற்று. ஆனால் விட்டுப்போன விடை உண்டா என்பதைப் பென்சில் சொல்லாது. ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்கு ஐந்து மூலங்கள் இருந்தாக வேண்டும். மீதி நான்கும் கலப்பெண்கள். அதைக் கருதலால்தான் பிடிக்க வேண்டும்.

எல்லாக் கணக்கையும் இப்படிச் சரிபார்க்க முடியாது. 2014-இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் 'நோட்டீசஸ்' இதழில் ஸ்பெயின் நாட்டுக் கணித அறிஞர்கள் மூவர் தங்கள் அனுபவத்தை எழுதினார்கள். பெரிய முழு எண்களைக் கொண்ட ஓர் அணிக்கோவையை மென்பொருளிடம் கொடுத்தால், அதே கேள்விக்கு ஒருமுறை ஒரு விடை, மறுமுறை வேறு விடை. விலைகொடுத்து வாங்கிய மூடிய பெட்டி; உள்ளே என்ன நடந்தது என்று அவர்களால் பார்க்க முடியவில்லை.

மேக்ஸிமா அப்படி மூடிய பெட்டி இல்லை. அதன் பூர்வீகம் எம்ஐடியில் 1968-இல் தொடங்கிய மாக்சிமா (Macsyma) திட்டம். அதை எல்லோரும் திறந்து பார்க்கும்படி வெளியிட 1998-இல் அமெரிக்க எரிசக்தித் துறையிடம் அனுமதி வாங்கித் தந்தவர் வில்லியம் ஷெல்டர். நீ திறந்து படித்தாயா என்று கேட்டால், இல்லை. ஆனால் சந்தேகம் வந்தவர் எவரும் உள்ளே போய்க் கேட்கலாம். கேள்விக்கு உட்படாத சொல்லை ஆண்டவனிடமிருந்து வேண்டுமானால் ஏற்கலாம், மனிதர் எழுதிய நிரலிடமிருந்து ஏன் ஏற்க வேண்டும்?

காசில்லாத அந்த இரண்டிடமும் எக்ஸின் வர்க்கத்துக்கு வர்க்கமூலம் கேட்டேன். மேக்ஸிமா மட்டு மதிப்பு என்று சுருக்கியது. எக்ஸை மெய்யெண் என்று அதுவாகவே வைத்துக்கொள்கிறது. சிம்பை சுருக்காமல் அப்படியே திருப்பித் தந்தது. எக்ஸ் கலப்பெண்ணாகவும் இருக்கலாமே! ஆக, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சொல்லாத ஒரு முற்கோள் உட்கார்ந்திருக்கிறது. எக்ஸின் கே-ஆம் அடுக்கைத் தொகையிடச் சொன்னபோது, மேக்ஸிமா விடை தராமல் என்னையே கேட்டது: கே என்பது கழித்தல் ஒன்றா? அந்த ஓரிடத்தில் பொதுச் சூத்திரம் பூச்சியத்தால் வகுக்கும், விடை மடக்கையாகிவிடும். இதைக் கேட்காமல் சூத்திரத்தை மட்டும் நீட்டும் மென்பொருள்களும் உண்டு. எனக்குப் பாடம் எடுத்த நல்லாசிரியர்களும் இப்படித்தான்; பதில் சொல்லுமுன் கேள்வியைத் திருத்துவார்கள்.

காண்டலுக்கும் கருதலுக்கும் உரைக்கும் பின்னால் உண்மையான அளவையாக நிற்பது ஆன்ம சிற்சத்தி, அதாவது உயிரின் அறியும் ஆற்றல் என்பது சித்தாந்தம். கண் அதற்கு ஒரு கருவி. கணினியும் அப்படியே.

துறைத்தலைவியிடம் மேக்ஸிமாவையும் சிம்பையையும் போடச் சொன்னேன். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் பாடம் தொடங்கும் என்றேன். கூடவே ஒன்று: விடை வந்தபின் தாளில் பிரதியிட்டுக் காட்டாத மாணவருக்கு மதிப்பெண் கிடையாது.