இருப்பும் கிடப்பும்

'குடி' என்னும் சொல் தமிழில் வீட்டைக் குறிக்கும்; அவ்வீட்டில் வாழும் குடும்பத்தைக் குறிக்கும்; நாட்டு மக்களையும் குறிக்கும். வாழும் இடத்தையும் வாழ்பவரையும் ஒரே சொல்லால் வழங்கிய மரபு, இவ்விரண்டையும் பிரித்தல் ஆகாது என்று கருதியது போலும். ஆயினும் வாழ்பவன் ஒருவன், மண்ணுக்கு உரியவன் வேறொருவன் என்னும் நிலை நம் எல்லைப்புறச் சிற்றூர்களில் தலைமுறை தலைமுறையாக நிலவிற்று. பிறர் மண்ணில் குடிசை கட்டி வாழ்ந்தவனுக்கு அம்மண்ணின் மீது உரிமை உண்டா? இவ்வினாவை அறநோக்கில் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நில உடைமையாளரின் இசைவோடு தோப்பின் ஓரத்தில் குடிசையிட்டு வாழ்ந்த ஏழையைக் கேரளச் சட்டம் 'குடிகிடப்புக்காரன்' என்று அழைத்தது. களியக்காவிளைக்கு அப்பால், இத்தகையோர் வாழும் மனையைத் தமிழகத்தின் 1971ஆம் ஆண்டுச் சட்டம் 'குடியிருப்பு' என்றது. மலையாளத்தில் அச்சொல் இழிவுடையது அன்று. ஆயினும் தமிழ்ச் செவிக்கு ஒரு வேறுபாடு புலனாகும். கல் கிடக்கும், வெட்டுண்ட மரம் கிடக்கும், மனிதனோ இருப்பான். கிடப்பதை எவரும் எடுத்து அப்புறப்படுத்தலாம். இருப்பவனை அங்ஙனம் செய்தல் ஆகுமோ?

ஆகாது என்று சட்டம் விடையிறுத்தது. 1957 ஏப்ரலில் பொறுப்பேற்ற ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவை, ஒரு வாரத்திற்குள்ளாகவே குடிகளை வெளியேற்றுவதைத் தடுக்கும் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. 1963ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் 1969இல் திருத்தப்பெற்று, 1970 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகரில் 3 சென்ட் வரை, குடிசையைச் சூழ்ந்த மண்ணைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை குடிகிடப்புக்காரனுக்குக் கிட்டியது.

நில உடைமையாளர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. "இரக்கத்தால் இடம் கொடுத்தோம், இரக்கமே எமக்கு இழப்பாயிற்று, இனி எவர் ஒருவருக்கு நிழல் தருவார்?" என்று அவர்கள் கேட்டனர். இக்கேள்வியை எள்ளி ஒதுக்குதல் முறையன்று. சில சென்ட் நிலமே உடைய எளியோரும் அவர்களுள் இருந்தனர். ஆனால் அந்த இரக்கத்தின் மறுபக்கத்தையும் காண்டல் வேண்டும். தோப்பில் குடியிருந்தவன் தேங்காய்க்குக் காவலாய் நின்றான், அழைத்த நேரத்தில் வேலைக்கு வந்தான், மறுத்துரைக்க அஞ்சினான். அவன் வாடகை தரவில்லை என்பது மெய். வாடகைக்கு ஈடாகத் தன் விருப்புரிமையையே தந்தான் என்பது அதனினும் மெய். எப்போது வேண்டுமாயினும் திரும்பப் பெறத்தக்க அருள், பெறுபவனை ஈர்த்துப் பிடிக்கும் கயிறேயாகும். அக்கயிற்றை அறுத்தது சட்டம், அருளை அன்று.

எனினும் சட்டம் செய்தது முழு நீதி எனவும் கூறுதற்கில்லை. குத்தகை உழவர் விளைநிலத்துக்கு உரியவராயினர். தோப்பிலும் வயலிலும் கூலிக்கு உழைத்தவருக்கோ குடிசை நின்ற இடமே எஞ்சியது. நிற்க இடம் கிடைத்தது. விளைவிக்க நிலம் கிடைக்கவில்லை. பத்து சென்ட் மனை பிள்ளைகளுக்குள் பங்கு பிரிகையில் எத்துணைச் சிறிதாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்று குடிகிடப்பு என்னும் சொல் வழக்கொழிந்து வருகிறது. அதன் அச்சமோ ஒழிந்தபாடில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தல் கட்டாயம் என்பதால், நாடெங்கும் வாடகை ஒப்பந்தங்கள் பதினொரு திங்களுக்கே எழுதப்பெறுகின்றன. பன்னிரண்டாம் திங்கள் எங்கு வாழ்வோம் என்று அறியாதவன், முற்றத்தில் ஒரு தென்னங்கன்றை நடுவானா? தென்னை காய்க்கச் சில ஆண்டுகள் செல்லும். அத்துணைக் காலம் அங்கேயே இருப்போம் என்னும் உறுதியே வீட்டின் அடித்தளம். சுவரும் கூரையும் அதற்குப் பின்னரே. அவ்வுறுதியை ஒருவனுக்கு வழங்குவது மற்றவரின் அருளைப் பொறுத்ததாக இருத்தல் கூடாது. அது அறத்தின் கடனாக இருத்தல் வேண்டும்.