தூரம் என்னும் சாக்கு



லண்டனுக்கும் சிட்னிக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால், பூகோளம் படிக்கும் பிள்ளை சுமார் 17,000 கிலோமீட்டர் என்று சொல்லிவிடும். ஆனால் சிட்னியில் குடியேறிய மகனை நினைத்து லண்டனில் நோயாய்ப் படுத்திருக்கும் தாய்க்குக் கிலோமீட்டர் எதற்கு? அவன் எத்தனை நாளில் வந்து சேருவான் என்பதன்றோ அவளுடைய கணக்கு!

அந்தக் கணக்கு மாறிவந்த விதத்தைச் சற்றே பாரும். 1787 மே 13-ம் தேதி கைதிகளை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தைவிட்டுப் புறப்பட்ட 11 கப்பல்கள், மறு வருஷம் ஜனவரியில்தான் ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவை அடைந்தன. எட்டு மாதத்துக்கு மேல் கடல்! அங்கு இறங்கியவர்களுக்கு வீட்டுக் கடிதங்கள் வந்ததோ 1790 ஜூன் மாதம், 'லேடி ஜூலியானா' என்னும் கப்பலில். இதற்கிடையில் தாய் இறந்திருந்தால், வரவில்லையே என்று மகனைக் குறைகூற யாருக்கு மனம் வரும்?

1947 டிசம்பரில் குவாண்டாஸ் கம்பெனியாரின் விமானம் 29 பிரயாணிகளுடன் சிட்னியிலிருந்து கிளம்பி, டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று இறங்கி இறங்கி நாலு நாளில் லண்டன் சேர்ந்தது. இன்றோ வழியில் ஒரே இடத்தில் இறங்கி ஏறினால் ஏறக்குறைய ஒரு நாள். 2018 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் மேற்குக்கரையிலுள்ள பெர்த் நகரிலிருந்து எங்கும் இறங்காமலே சுமார் 17 மணி நேரத்தில் லண்டனுக்குப் பறந்துவிட்டார்கள். (திரும்புகாலில் இன்னும் சற்றுக் குறைவு; உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று பின்னிருந்து தள்ளிவிடுகிறது.)

நிற்க. இயலாத காரியத்துக்கு எவனும் கட்டுப்பட்டவனல்ல என்பது ஒழுக்க சாஸ்திரத்தின் பழைய விதி. 1788-ம் வருஷத்து மகனை அவ்விதி காத்தது. ஆனால் விதிக்கு மறுபக்கமும் உண்டு. நம்மால் இயன்றது பெருகப் பெருக, நாம் செய்யவேண்டியதும் பெருகுகிறது. விமானம் நமக்குச் சௌகரியத்தை மட்டும் கொண்டுவரவில்லை. சொல்லிக்கொண்டிருந்த சாக்கையும் பறித்துவிட்டது. "தூரமாயிற்றே" என்று நாம் சொல்லும்போது, உள்ளே பார்த்தால் பாதி தூரமல்ல, மனமில்லாமை. டிக்கட்டுக்குப் பணமில்லாத ஏழையை நான் சொல்லவில்லை. அவனுக்கு லண்டன் இன்றும் எட்டு மாதத் தூரத்தில்தான் இருக்கிறது.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. தொற்றுநோய்க் காலத்தில், 2020 மார்ச் மாதம், ஆஸ்திரேலிய சர்க்கார் எல்லையை மூடிற்று. சொந்தப் பிரஜைகளும் விசேஷ அனுமதியின்றி வெளியே போகக் கூடாதென்றது. 2021 நவம்பர் முதல் தேதிதான் கதவு மெல்லத் திறக்கலாயிற்று. விமானங்களின் வேகம் ஒரு மைல்கூடக் குறையவில்லை. ஆயினும் ஒரு நாள் பயணம் கடக்கவே முடியாத பயணமாகிவிட்டது. பெற்றோரின் அடக்கத்தைக் கைபேசித் திரையில் பார்த்து அழுதவர்கள் அநேகர். அவர்கள்மேல் குற்றமில்லை, அந்தக் கைதியைப் போலவே அவர்களும் கட்டுண்டிருந்தார்கள்.

ஆனால் 2019-ல்? வழி திறந்திருந்தது, லீவும் இருந்தது, டிக்கட்டுக்குப் பணமும் இருந்தது. "ஒரு நாள் பயணந்தானே, அடுத்த வருஷம் போய்க்கொள்ளலாம்" என்று சொன்னவர்களும் அவர்களுக்குள் இருந்திருப்பார்கள். எட்டு மாதக் கப்பலில் ஏறியவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்.